கூகுளில் என் பக்கம் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

சொந்தத் தளம் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், பலரும் ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்து இம்முறை பதில் தருகிறோம். தளங்களின் பெயர்களையும் முகவரிகளையும் நீக்கியிருக்கிறோம்.

கே: வீட்டில் கேக் செய்து விற்கிறேன். மகன் வேர்ட்பிரஸ்ஸில் தளம் செய்து தந்து நான்கு மாதமாகிறது. தளத்தின் பெயரையே அடித்தாலும் கூகுளில் வருவதில்லை. (வெள்ளவத்தை)

ப: பெயரை அடித்தும் வரவில்லை என்றால் முன்னுக்கு வருவது, பின்னுக்குப் போவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. பக்கம் கூகுளின் அட்டவணைக்குள், அதாவது தேடலில் காட்டுவதற்காகக் கூகுள் சேர்த்து வைத்திருக்கும் பக்கங்களின் பட்டியலுக்குள், நுழையவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சொற்களை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வேர்ட்பிரஸ்ஸின் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதி இருக்கிறது. அதன் அடியில், தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி. தளத்தைச் செய்யும்போது அரைகுறையாக வெளியே தெரியக்கூடாது என்று அதில் சரி போட்டு வைப்பார்கள், வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள். அந்தச் சரி இருக்கும்வரை ஒவ்வொரு பக்கத்திலும் 'நோஇன்டெக்ஸ்' (அட்டவணையில் சேர்க்காதே) என்ற கட்டளை ஒட்டிக்கொண்டிருக்கும். கூகுள் அதற்குக் கட்டுப்படும். உங்கள் விஷயத்தில் எங்கள் முதல் சந்தேகம் இதுதான்.

பெட்டி காலியாக இருந்தால், தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுளின் கருவியான சேர்ச் கன்சோலில் தளத்தைப் பதிவுசெய்யுங்கள். காசு இல்லை. மேலே உள்ள கட்டத்தில் பக்கத்தின் முழு முகவரியை இட்டால், அட்டவணையில் இருக்கிறதா, இல்லையென்றால் எதனால் என்று அதுவே சொல்லும். அங்கேயே நேரடிச் சோதனை ஒன்றும் செய்யலாம். கூகுள் கண்ட பக்கத்தின் நிரல் திரையில் வரும், பக்கத்தின் உரையும் அதற்குள்தான் இருக்கும். அதற்குள் உங்கள் கேக்கின் பெயர், எடை, விலை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பலருக்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஏனென்றால் வட்ஸ்அப்பில் அனுப்பச் செய்த போஸ்டரையே பக்கமாக ஏற்றியிருப்பார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகுள் எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. போஸ்டர் இருக்கட்டும். அதன் கீழே, "முட்டை சேர்க்காத சொக்லட் கேக், 1 கிலோ. இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். வெள்ளவத்தை, தெஹிவளை, பம்பலப்பிட்டிக்கு வீட்டில் கொண்டுவந்து தருவோம்" என்று எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். படத்தோடு மறைவாகச் சேர்க்கும் விளக்கமான ஆல்ட் குறிப்பில், படத்தில் என்ன இருக்கிறதோ அதை ஒரு வரியில் எழுதினால் போதும். ஊர்ப் பெயர்களை எல்லாம் அதற்குள் திணிக்க வேண்டாம்.

கே: எங்கள் சங்க மலர்களின் பழைய கட்டுரைகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. பீடிஎஃப் ஆக்கி ஏற்றியிருக்கிறோம். ஒரு கட்டுரைகூடத் தேடலில் வருவதில்லையே? (கொட்டாஞ்சேனை)

ப: வராது. கண்ணுக்குத்தான் அது தமிழ். பாமினியில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு அடியில் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். கூகுள் போர்வையைப் பார்ப்பதில்லை, அடியில் இருப்பதைத்தான் வாசிக்கிறது. உங்கள் பீடிஎஃப்பில் ஒரு வரியைப் பிரதிசெய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், கூகுள் என்ன காண்கிறது என்று தெரிந்துவிடும்.

வழி ஒன்றே: ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறி உள்ள யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு கட்டுரையையும் தனிப் பக்கமாக ஏற்ற வேண்டும். பீடிஎஃப்பை அதன் அடியில் தரவிறக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாமினி மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதை அப்படியே ஒட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. வழக்கமாக மூன்று இடங்களில் சறுக்கும்.

முதலாவது, கட்டுரைக்குள் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்கள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. கொழும்பின் ஆங்கிலப் பெயர் உள்ளே போய் 'ஊழடழஅடிழ' என்று வெளியே வரும். மின்னஞ்சல் முகவரிகளுக்கும் இதே கதிதான். ஆங்கிலச் சொற்களை முதலிலேயே குறித்து வைத்துக்கொண்டு, மாற்றிய பின் கையால் திரும்ப இடுங்கள்.

இரண்டாவது, காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளி விசை 'இ' என்ற எழுத்துக்கு உரியது. ஆகவே வேறு எழுத்துருவில் அடித்திருந்த 1,250 ரூபாய், '1இ250 ரூபாய்' ஆகிவிடும். இணையத்தில் உலவும் பழைய தமிழ்க் கட்டுரைகளில் இந்த 'இ'யை இன்றைக்கும் காணலாம். இலக்கங்களுக்கு நடுவே இருக்கும் 'இ'யைத் தேடி மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

மூன்றாவதுதான் கண்ணை ஏமாற்றுவது. ஔகாரத்தின் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் பாமினியில் ஒரே விசை. அதனால் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று மாறலாம், 'பௌர்ணமி' 'பெளர்ணமி' ஆகலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு இவை வேறு வேறு சொற்கள். மாற்றிய உரையில் 'கெள', 'பெள', 'செள', 'மெள' என்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துத் திருத்துங்கள். 'பெளதிகவியல்' என்று வைத்துவிட்டு, 'பௌதிகவியல்' என்று தேடும் மாணவர் வருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை.

எல்லா மலர்களையும் ஒரேயடியாகச் செய்ய ஆள் இல்லையென்றால், வேறெங்கும் கிடைக்காத விஷயம் உள்ள கட்டுரைகளிலிருந்து தொடங்குங்கள்: கொட்டாஞ்சேனையின் பழைய கதை, கோயில் வரலாறு, மறைந்த கலைஞர்களைப் பற்றியவை. வாழ்த்துரைகள் கடைசியில் வரட்டும்.

கே: நகைக்கடைத் தளம். நாற்பது பக்கங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கூகுளில் ஒரே தலைப்புத்தான் தெரிகிறது. (செட்டியார் தெரு)

ப: நீங்கள் அனுப்பிய பக்கத்தில் தலைப்பு இப்படி இருந்தது: "வரவேற்கிறோம் | தங்கம் | வைரம் | நகைகள் | சிறந்த நகைக்கடை | இலங்கை". நாற்பது பக்கங்களுக்கும் இதுவேதான். தேடுபவருக்கும் கூகுளுக்கும் எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்று தெரிய வழியில்லை. 2021 ஆகஸ்டில் தலைப்பு காட்டும் முறையைக் கூகுள் மாற்றியது. பொருந்தாத தலைப்பு என்று பட்டால் பக்கத்தின் உள்தலைப்பையோ வேறு வரியையோ எடுத்துத் தானே போட்டுக்கொள்கிறது. அதற்கு இடம் கொடுக்காமல் நாமே ஒழுங்காக எழுதுவது நல்லது.

தாலிக்கொடிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். "22 கரட் தாலிக்கொடி – செட்டியார் தெரு, கொழும்பு 11" என்று வையுங்கள். கடையின் பெயர் வேண்டுமென்றால் கடைசியில் வரட்டும். தலைப்புக்கு எழுத்துக் கணக்கு எதுவும் இல்லை, திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறார்கள். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட இடம் பிடிப்பவை என்பதால், முக்கியமானதை முதல் நான்கைந்து சொற்களுக்குள் சொல்லிவிடுங்கள். விலையைத் தலைப்பில் போட வேண்டாம். தங்கத்தின் விலை நாளுக்கு நாள் மாறும், கூகுள் உங்கள் பக்கத்துக்குத் திரும்பி வருவது எப்போது என்று சொல்ல முடியாது. போன வாரத்து விலையைப் பார்த்துவிட்டு வருபவருடன் கடை வாசலில் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

பக்கத்துக்குள் எத்தனை பவுண் முதல் செய்வீர்கள், செய்கூலியும் சேதாரமும் எப்படிக் கணக்கிடுவீர்கள், ஓடர் கொடுத்து எத்தனை நாளில் கிடைக்கும் என்பவை இருக்க வேண்டும். கடைக்கு வருபவர் கேட்பதைத்தான் தேடுபவரும் கேட்கிறார்.

கொழும்பு வியாபாரிகள் தவறவிடும் இன்னொன்று, இடப்பெயர். நமக்குச் செட்டியார் தெரு, ஆங்கிலத்தில் அது சீ ஸ்ட்ரீட். ஒன்றை மற்றதன் மொழிபெயர்ப்பு என்று யாரும் ஊகிக்க முடியாது. புறக்கோட்டைக்குப் பெட்டா, கல்கிசைக்கு மவுண்ட் லவீனியா, இவையும் இப்படித்தான். முகவரி எழுதும் இடத்தில் தமிழ்ப் பெயரையும், ஆங்கில எழுத்தில் ஆங்கிலப் பெயரையும் ஒருமுறை சேர்த்து எழுதுங்கள். ஒருமுறை போதும்.

கே: முக்கியச் சொல்லை ஒரு பக்கத்தில் எத்தனை தடவை எழுத வேண்டும்? மெட்டா கீவேர்ட்ஸ் நிரப்ப வேண்டுமா? (மருதானை)

ப: தடவைக் கணக்கு என்று ஒன்றும் இல்லை. தலைப்பில், உள்தலைப்பில், முதற் பந்தியில் இயல்பாக வந்தால் போதும். அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப எழுதுவது கூகுளின் விதிகளில் குப்பை என்றே சேர்கிறது. பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் சொற்பட்டியலான மெட்டா கீவேர்ட்ஸைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. நிரப்பித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கே: உயர்தர மாணவர்களுக்கான குறிப்புகள் போடுகிறேன். முகவரியை வட்ஸ்அப்பில் அனுப்பினால் நூறு '%' அடையாளங்களோடு அரைப் பக்கத்துக்கு நீள்கிறது. தமிழில் முகவரி வைத்தது பிழையா? (தெஹிவளை)

ப: கூகுளுக்குப் பிழையில்லை, தமிழ் முகவரியை அது நன்றாகவே வாசிக்கும். நீளத்துக்குக் காரணம், யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக விரியும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். 'இரசாயனவியல்' என்பதில் பதினொரு குறிகள், ஆகவே அந்த ஒரு சொல் மட்டும் 99 எழுத்துகள்.

உண்மையான தொந்தரவு வேறு. வேர்ட்பிரஸ் முகவரியின் அந்தப் பகுதிக்கு 200 எழுத்துகள்தான் ஒதுக்குகிறது. கணக்குப் போட்டால் 22 தமிழ்க் குறிகள், இரண்டு சொல்லைத் தாண்டாது. "இரசாயனவியல் உயர்தரம் அலகு 3", "இரசாயனவியல் உயர்தரம் அலகு 4" என்று தலைப்பிட்டால் இரண்டு முகவரிகளும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, இரண்டாவதற்குப் பின்னால் ஒரு '2' ஒட்டிக்கொள்ளும். எது எந்த அலகு என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

புதிய குறிப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் நான்கைந்து சொல்லுக்குள் முகவரியைக் கையால் எழுதுங்கள், தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். பழையவற்றை, மாணவர்கள் ஏற்கெனவே பகிர்ந்துகொண்டிருந்தால், தொட வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் 301 திசைமாற்றம் போட்டுக் குறைந்தது ஒரு வருடம் விட்டுவையுங்கள். வேர்ட்பிரஸ் 'போஸ்ட்' வகைக்கு இதைத் தானே செய்யும், 'பேஜ்' வகைக்குச் செய்யாது. அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கே: தளங்கள் செய்து கொடுப்பவன். ஒரு வாடிக்கையாளரின் முகப்புப் பக்கம் கூகுளின் வேகச் சோதனையான பேஜ்ஸ்பீட்டில் கைபேசிக்கு 38 புள்ளி. அவர் 90க்கு மேல் கேட்கிறார். (வத்தளை)

ப: அவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்தப் புள்ளி, வேகம் குறைந்த 4ஜி இணைப்பும் நடுத்தரக் கைபேசியும் இருப்பதாகப் பாவனை செய்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்த முடிவு. கூகுள் கணக்கில் எடுப்பது மேலே தனியாகக் காட்டப்படும், உண்மையான பாவனையாளர்களின் 28 நாள் தரவு. வருகை குறைந்த தளங்களுக்கு அந்தப் பகுதி காலியாகவே இருக்கும். பார்க்க வேண்டிய எண்கள் மூன்று. முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது. நூற்றில் 75 வருகைகளுக்கு இவை பொருந்தினால் போதும்.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் பெரிய குற்றவாளி முகப்புப் படம். கைபேசியில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படம் அப்படியே போயிருக்கிறது. கைபேசித் திரைக்கு 800 முதல் 1200 பிக்சல் தாராளம். அந்த அளவுக்குச் சுருக்கி, வெப்பி வடிவத்தில் 75 – 80 தரத்தில் சேமித்தால் சில மெகாபைட்டில் இருந்தது நூறு, இருநூறு கிலோபைட்டுக்கு இறங்கும். பெரிய திரைக்கு வேறு அளவு வேண்டும், திரைக்கேற்ற படத்தை உலாவியே தெரிவுசெய்ய உதவும் சோர்ஸ்செட்டில் இரண்டையும் கொடுங்கள்.

அடுத்தது, அதே படத்துக்கு லேசி லோடிங் (திரைக்குள் வரும் நேரத்தில்தான் படத்தை இறக்கும் முறை) போட்டிருக்கிறீர்கள். கீழே உள்ள படங்களுக்கு அது நல்லது, திறந்தவுடன் தெரிய வேண்டிய படத்துக்கு அது கால்விலங்கு. வேர்ட்பிரஸ்ஸின் அண்மைய பதிப்புகள் முதற் படத்தைத் தாமாகவே விட்டுவிடும். ஆனால் ஸ்லைடர் பிளகின்களும் வேகப் பிளகின்களும் அதை மீறித் திரும்பப் போட்டுவிடுகின்றன. ஒரே வேலைக்கு மூன்று பிளகின் இருந்தால் இரண்டைக் கழற்றுங்கள்.

பக்கம் குதிப்பதற்கு இரண்டு காரணம். படங்களுக்கு அகலமும் உயரமும் குறிக்கவில்லை. மற்றது தமிழ் எழுத்துரு. முதலில் கைபேசியின் சொந்த எழுத்துருவில் உரை வருகிறது, பின் உங்கள் எழுத்துரு இறங்கியதும் வரிகளின் அகலமும் உயரமும் மாறி எல்லாம் கீழே தள்ளப்படுகிறது. நான்கு தடிப்பு ஏற்றியிருக்கிறீர்கள், சாதாரணமும் தடித்ததும் போதும். இணையத்துக்கென்று சுருக்கிய வோஃப்2 எழுத்துரு வடிவத்தில், தமிழ்க் குறிகள் உள்ள பகுதியை மட்டும் எடுத்து, முன்கூட்டியே இறக்கும்படி செய்யுங்கள். வரி உயரத்தை நிலையாக ஓர் அளவில் கட்டிவிடுங்கள். உடலுரைக்குக் கைபேசியின் சொந்த எழுத்துருவையே விட்டு, தலைப்புகளுக்கு மட்டும் உங்கள் எழுத்துருவைப் பயன்படுத்துவது எங்களுக்குப் பிடித்த வழி.

திருத்தியதும் உண்மைத் தரவு உடனே மாறாது. 28 நாள் கழிய வேண்டும். வாடிக்கையாளருக்கு அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், மறுநாள் காலை அழைப்பு வராது.

கே: மும்மொழித் தளம். மேலே உள்ள பொத்தானைத் தட்டினால் மொழி மாறும். ஆங்கிலம் மட்டுமே தேடலில் வருகிறது. (பம்பலப்பிட்டி)

ப: பொத்தானைத் தட்டியும் முகவரி மாறவில்லை என்றால் கூகுளுக்கு அங்கே ஒரு பக்கம்தான் இருக்கிறது. அது பொத்தான்களைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி கொடுங்கள். பிறகு, ஒரே பக்கத்தின் மற்ற மொழி வடிவங்கள் எங்கே என்று சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பில் மூன்று பக்கங்களும் தம்மையும் மற்ற இரண்டையும் சுட்ட வேண்டும். தமிழ்ப் பக்கம் சிங்களத்தைச் சுட்டி, சிங்களப் பக்கம் திரும்பச் சுட்டாவிட்டால் அந்த இணைப்பைக் கூகுள் தள்ளிவிடும். சிங்களத்துக்கு எஸ், ஐ என்ற இரண்டு எழுத்துகள்தான் குறி. எஸ், எல் என்று போடுபவர்கள் ஸ்லோவேனிய மொழியைக் குறிக்கிறார்கள். இலங்கைக்கான எல், கே நாட்டுக் குறி, அது மொழிக்குப் பின்னால்தான் வரலாம், தனியே நிற்காது.

மெனுவை மட்டும் தமிழாக்கி உடலை ஆங்கிலத்தில் விட்ட பக்கங்களால் பயனில்லை. பக்கத்தின் மொழியைக் கூகுள் கண்ணுக்குத் தெரியும் உரையை வைத்துத்தான் முடிவுசெய்கிறது.

கே: ஒரே மாதத்தில் முதலிடம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். கடவுச்சொல்லும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம்)

ப: முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. கடவுச்சொல் தேவையில்லை. சேர்ச் கன்சோலில் அவர்களைப் பாவனையாளராகச் சேர்க்கலாம், வேண்டாதபோது நீக்கலாம். உரிமையாளர் இடத்தில் உங்கள் கணக்கு இருக்க வேண்டும். பக்கத்தில் என்ன மாற்றினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

கே: சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு செய்கிறேன். சேர்ச் கன்சோலில் தேடல் முடிவுகளில் என் தளம் ஆயிரக்கணக்கான தடவை தோன்றியதாகக் காட்டுகிறது, தட்டுபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். (புதுக்கடை)

ப: பெர்ஃபோமன்ஸ் அறிக்கையில் 16 மாதத் தரவு இருக்கும். கடைசி மூன்று மாதத்தை எடுத்து, பக்கத்தின்படி வடிகட்டி, எந்தத் தேடலுக்கு அந்தப் பக்கம் தோன்றியது என்று பாருங்கள். உங்கள் பட்டியலில் அதிகம் இருப்பது பிறப்புப் பதிவு மொழிபெயர்ப்பும் அதன் கட்டணமும். சராசரி இடம் 11, 12. ஆனால் அந்தத் தேடலுக்குத் தோன்றுவது "எமது சேவைகள்" என்ற பக்கம், அதில் பிறப்புப் பதிவு பற்றி ஒரே வரி. தேடியவர் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறார்.

அதற்கென்று ஒரு தனிப் பக்கம் எழுதுங்கள். என்ன கொண்டுவர வேண்டும், ஒரு பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை நாள், ஸ்கேன் செய்து அனுப்பினால் ஏற்பீர்களா, பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டோடு ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு விளக்கமான பதில் எழுதுங்கள், ஆட்கள் பதறிக்கொண்டு தேடுவது அதைத்தான். "எமது சேவைகள்" பக்கத்திலிருந்து இதற்கு இணைப்புக் கொடுக்கும்போது "இங்கே அழுத்தவும்" என்று எழுதாமல் "பிறப்பு அத்தாட்சிப் பத்திர மொழிபெயர்ப்பு" என்றே எழுதுங்கள்.

சிலர் 'பிறப்புச் சான்றிதழ்' என்று தேடுவார்கள், சிலர் 'பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்' என்பார்கள். இரண்டுக்கும் இரண்டு பக்கம் செய்யாதீர்கள், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இரண்டும் பின்னுக்கு நிற்கும். ஒரே பக்கத்தில் தலைப்பில் ஒரு சொல்லும் முதற் பந்தியில் மற்றச் சொல்லும் வரட்டும். தேடல் முடிவில் தலைப்பின் கீழே வரும் விவரணக் குறிப்பில் கட்டணத்தையும், எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். அது இடத்தை உயர்த்தாது, சில வேளை கூகுள் அதை விட்டுவிட்டு வேறு வரியைக் காட்டும். ஆனால் காட்டும்போது தட்டுபவர் கூடுவார்.

போட்ட திகதியைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து அதே அறிக்கையில் முன்பின் இரண்டு காலத்தையும் ஒப்பிடுங்கள். அதற்கிடையில் தலைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.